மாட்டுக்கென்று வாங்கிய மருந்து

பருத்திக் காட்டில் முதல் நிறை பிடிப்பது தெரசாள். நிறை என்றால் செடி வரிசை. ஆளுக்கொரு வரிசையாகப் பிடித்துக் குனிந்து எடுத்துக்கொண்டே போக வேண்டும். முதல் நிறைக்காரி போகிற வேகம்தான் மற்ற எல்லாருக்கும் வேகம். அவள் நிமிர்ந்தால் மற்றவர்கள் நிமிரலாம். அவள் தண்ணீர் குடிக்கப் போனால் மற்றவர்கள் வெற்றிலை போடலாம். பண்ணைக்காரர் வீரபத்திரன் வரப்பில் நின்று சத்தம் போட்டால்கூட அவளைப் பார்த்துத்தான் போடுவார். எம்.ரெட்டியபட்டியில் ஒரு கூலிக்காரிக்கு இதற்கு மேல் பெருமை எதுவும் கிடையாது. முந்தி இருந்தவள் இடுப்பொடிந்து உட்கார்ந்தபோது தெரசாளுக்கு வந்தது. தெரசாள் உட்கார்ந்தால் அடுத்தவளுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் மாசியில் அவளுக்கு உட்கார வேண்டும்போல்தான் இருந்தது.

நாற்பத்தைந்து வயது. தீட்டு நிற்கிற வயது. நிற்பதும் ஒழுங்காக நின்று தொலைக்கவில்லை. தை முழுக்க வரவே இல்லை. மாசி பிறந்ததும் வந்தது; வந்தது போகமாட்டேன் என்றது. பெரும்பாடு. வெயிலில் குனிந்து நிமிரும்போது கண்ணுக்குள் கரிசல் மண் சுற்றியது. சும்மா இருக்கும்போதே உடம்பில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் வேர்த்தது.

மகள் ஜெயசெல்வி போன வருஷம் பெரிய மனுஷியானபோது ஊரே வந்து நின்றது. யுத்தக் காலத்திலும் உளுந்துக்கு நாலு ஊர் அலைந்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் களி கிண்டி, பிள்ளை திணறத் திணற ஊட்டினார்கள். பச்சை முட்டையைக் குடிக்க வைத்து வேடிக்கை பார்த்தார்கள். வரும்போது பந்தல் போடுகிற ஊரில், போகும்போது இன்னதென்று வாய்விட்டுச் சொல்லக்கூட ஆள் இல்லை.

அதைவிடப் பெரிய தொந்தரவு துணி. துணிக்குக் கட்டுப்பாடு வந்திருந்த நேரம். பக்கத்து அருப்புக்கோட்டையில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். இங்கே நாள் பூராவும் மடி நிறையப் பருத்தி எடுக்கிறவர்களிடம் மாற்றிக் கட்ட ஒரு கந்தல் இல்லை. புருஷன் மரியராஜின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சமாளித்தாள்.

"எங்கடி என் வேட்டி?" என்று அவன் தேடினான்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"முழு வேட்டியையுமா?"

"பெரிய எலி."

வீட்டில் இப்படிச் சமாளிக்கலாம். காட்டில் முடியாது. இரண்டாம் நிறை சந்தனம்மாள். முப்பது வயது, கல்யாணமாகி இன்னும் பிள்ளை இல்லை, கை பருத்தியில் பட்டதும் சுளை கூட்டைவிட்டுக் கழன்று வரும். இவ்வளவு நாளும் நாலு முழம் தள்ளி வந்துகொண்டிருந்தவள் மாசி பிறந்ததிலிருந்து தெரசாளின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். மூச்சுவிடுவது முதுகில் சுட்டது.

"என்ன மதினி, காலு பின்னுது?"

"முள்ளு."

"நேத்தும் முள்ளு. முந்தாநாளும் முள்ளு. காட்டுல உள்ள முள்ளெல்லாம் ஒங் காலத்தான் தேடுதா?"

"ஒன் வாயத் தேடுனா நல்லாருக்கும். ஒழுங்கா எடுடி."

சொல்லிவிட்டாளே தவிர உள்ளுக்குள் பயம். இவள் முந்தப் பார்க்கிறாள். ஒரு தடவை முந்திவிட்டால் அப்புறம் அது அவள் நிறை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெரசாள் டவுனுக்கு பஸ் ஏறினாள். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸு. மேட்டில் மூச்சு வாங்கி நின்றால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். அன்றைக்கு அவள் இறங்கவில்லை. "பொம்பளையாளுக இருங்க" என்று கண்டக்டர் சொன்னது அவள் உடம்புக்கு நல்லதாகப் போயிற்று.

அருப்புக்கோட்டையில் சின்ன மீரானின் நாட்டு மருந்துக் கடையைத் தெரியாத பெண்கள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. அந்தக் கடையில் பெண்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஆம்பளைக் கடைக்காரரிடம் போய் எனக்கு இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று எப்படிச் சொல்வது? அதனால் எல்லாரும் மாட்டுக்கு என்றுதான் கேட்பார்கள். கைக்குழந்தைக்குப் பால் பத்தாதவள், மாடு சரியாகக் கறக்கவில்லை என்பாள். பிள்ளை தங்காதவள், பசு சினை நிற்கவில்லை என்பாள். சின்ன மீரான் முகத்தைப் பார்க்காமல், மேல்கேள்வி கேட்காமல், மனுஷிக்குத் தக்க மருந்தை மடித்துக் கொடுத்துவிடுவார். சொன்னவளுக்கும் மானம் போகாது, கேட்டவருக்கும் சங்கடம் இல்லை.

அன்றைக்குக் கடையில் சின்ன மீரான் இல்லை. ஒரு கல்யாணத்துக்காகக் கீழக்கரை போய்ச் சில வாரமாகியும் திரும்பவில்லை. அவருடைய தங்கை மகன் ஹாஜா நஜ்முதீன் உட்கார்ந்திருந்தான். பிறந்து வளர்ந்ததெல்லாம் ரங்கூன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தவன். அங்கே ஜவுளிக் கடையில் கஜக்கோல் பிடித்த கை, இங்கே பட்டையும் வேரும் பிடித்துக்கொண்டிருந்தது. எது எதற்கு என்று மாமா சொல்லிக் கொடுத்திருந்தார். அளவை மட்டும் 'ஆளுக்குத் தக்கபடி கொடு' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாடு என்றால் யார் என்பதைச் சொல்ல மறந்துபோனார். ஊருக்கே தெரிந்ததை யார் எடுத்துச் சொல்வார்கள்?

"என்னக்கா வேணும்?"

தெரசாள் தலையைக் குனிந்துகொண்டாள். "மாட்டுக்குத் தம்பி. ரத்தப்போக்கு நிக்கமாட்டேங்குது."

"கன்னு போட்டிருக்கா?"

"அதெல்லாம் போட்டு வருசமாச்சு."

"எத்தனை ஈத்து?"

"அஞ்சு. மூணுதான் தங்குச்சு."

"அல்லா. தீனி திங்குதா?"

"கெடைச்சாத் திங்கும்."

"வேலைக்குக் கட்டுறீகளா?"

"கட்டாம? விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும்."

ஹாஜா பட்டையை அள்ளுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "ஏக்கா, பசு மாட்டையா வேலைக்குக் கட்டுதீக? அதுவும் இப்படி உடம்பு முடியாம இருக்கைல? பாவமில்லையா?"

பாவம் என்ற ஒரு சொல்லை அந்த மாசி முழுக்க அவள் யார் வாயிலிருந்தும் கேட்கவில்லை. "என்ன செய்யச் சொல்றீக தம்பி" என்றாள்.

"முட்டுமா, சாதுவா?"

"சாதுதான். வீட்டுக்காரர மட்டும் அப்பப்ப முட்டும்."

அத்திப் பட்டை, அசோகப் பட்டை, மாதுளை ஓடு. மூன்றையும் படியால் அளந்து சாக்குப் பையில் கொட்டினான். கன்றுக்குட்டியைத் தூக்குகிற கனம் இருந்தது. எப்போதும் காகிதத்தில் மடித்துத் தருவார்களே என்று தெரசாளுக்குத் தோன்றியது. தன் நோய் அவ்வளவு முற்றிப்போயிற்று போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

"தண்ணி பாதியா வத்துற வரைக்கும் காய்ச்சி, மூங்கில் குழாய்ல ஊத்தி, ஒரு ஆளு வாயப் பொளந்து பிடிச்சுக்கிட்டாக் கூட நல்லது" என்றான் ஹாஜா.

"அவ்வளவு தூரம் முரண்டு பிடிக்காது தம்பி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

சாயங்காலம் தவிட்டுப் பானையில் காய்ச்சினாள். ஒரு டம்ளர் குடித்ததும் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் டம்ளரைத் தூக்க முடியவில்லை. மரியராஜ் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தான். அரவை மில்லில் பொதி தூக்குகிறவன்.

"என்னது இது?"

"இடுப்பு வலிக்கு."

"எனக்குந்தான் இடுப்பு வலி. எனக்கு எவ காய்ச்சுறா?" என்று கோபத்தோடு ஒரு செம்பு மொண்டு குடித்தான். துவர்ப்பில் முகம் கோணியது. ஆனால் மனைவி முன்னால் கோணிய முகத்தை ஒத்துக்கொள்ள முடியாமல் இன்னொரு செம்பும் குடித்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

மறுநாள் காலையில் ஓடைப் பக்கம் போனான், வந்தான். திரும்பவும் போனான், வந்தான். "வயித்துல சிமிட்டி போட்டுப் பூசுன மாதிரி இருக்குடி" என்று முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பரிதாபப்படத் தெரசாளுக்கு நேரம் இல்லை. காட்டுக்கு ஓடினாள்.

அதே காலையில் சின்ன மீரான் கீழக்கரையிலிருந்து வந்து இறங்கினார். ஹாஜா பெருமையாகச் சொன்னான்: "மாமா, ரெட்டியபட்டிப் பக்கம் மாட்டுக்கெல்லாம் ஒரே சீக்கு. நீங்க இல்லாத நேரத்துல எல்லாத்துக்கும் நாந்தான் மருந்து குடுத்தேன். படி படியாப் போயிருக்கு."

சின்ன மீரான் மூட்டையை இறக்கி வைக்காமலே கேட்டார். "யாரு வந்து வாங்குனா?"

"பொம்பளைகதான். பருத்திக் காட்டுக் கூலிக்காரிக."

"கூலிக்காரிக கிட்ட ஏதுலே மாடு? ஆட்டுக்குட்டி வாங்கவே வக்கில்லாதவுக! அது அந்தப் பொம்பளைகளுக்குத்தான்லே, மடப்பயலே!"

ஹாஜாவுக்கு வேர்த்துவிட்டது. வாயைப் பிளந்து பிடிக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. மாமாவிடம் சரியான அளவைக் கேட்டுக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் பஸ்ஸுக்கு ஓடினான். மேட்டில் பஸ் நின்றபோது எல்லாரையும்விட அதிகமாகத் தள்ளியவன் அவன்தான்.

உச்சி வெயிலில் காட்டுக்கு வந்து சேர்ந்தான். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாமே முதுகுதான் தெரிந்தது. எந்த முதுகுக்கு மருந்து கொடுத்தோம் என்று தெரியவில்லை. வரப்பில் ஏறி நின்று கத்தினான்.

"மாட்டுக்கு மருந்து வாங்குனவுக யாரு? குடுத்துறாதீக! ஒரு பிடிகூடக் குடுத்துறாதீக! அளவு தப்பிப் போச்சு!"

இருபது முதுகும் நிமிர்ந்தன. முதல் நிறைக்காரி நிமிர்வதற்கு ஒருத்தியும் காத்திருக்கவில்லை.

வேப்ப மரத்தடியில் பருத்தி வண்டி நின்றது. வண்டி மாடுகள் இரண்டும் காங்கேயம் ஜோடி. வீரபத்திரன் பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படித் தடவிக் கொடுத்தது கிடையாது. அவர் எழுந்து வந்தார்.

"யாருப்பா நீ? எந்த மாட்டுக்கு என்ன?"

ஹாஜா அப்போதுதான் அவரைப் பார்த்தான். ஓர் ஆம்பளை முன்னால் உண்மையைச் சொல்ல முடியுமா? "பசு மாடுங்க" என்றான்.

"யாரு வீட்டுப் பசு?"

"தெரியலீங்க."

"என்ன செய்யுது அதுக்கு?"

"ரத்தப்போக்குங்க."

"ரத்தமா? எங்க இருந்து?"

ஹாஜா வானத்தைப் பார்த்தான். "பின்னாடி இருந்துங்க."

வீரபத்திரன் முகம் வெளுத்துவிட்டது. "அடைப்பான்! அடைப்பான் நோய்தான் ரத்தமாப் போகும். ஒரு மாட்டுக்கு வந்தா ஊரு மாடெல்லாம் சரிஞ்சிரும்!" வண்டிக்காரனைப் பார்த்துக் கத்தினார். "மாட்ட அவுத்து ஓட்டிட்டுப் போடா! நிக்காத!" பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "யாரு வீட்டு மாடுன்னு சொல்லுங்க."

இருபது பேரும் காலடி மண்ணைப் பார்த்தார்கள்.

"சொல்லமாட்டீகளா? அப்ப ஒருத்தியும் இங்க நிக்க வேணாம். மடியத் தட்டிப் போட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க. திருச்சுழிப் பக்கத்துலருந்து ஆள எறக்கி எடுத்துக்கிறேன்."

வெடித்த பருத்தி காடு முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மழை பொய்த்த அந்த வருஷத்தில் ஊருக்கு இருந்த ஒரே வேலை அது. ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். மூன்றாம் நிறை முத்துலட்சுமி, மரத்துத் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெரசாளைப் பார்த்தாள். எல்லாரும் தெரசாளைத்தான் பார்த்தார்கள். முதல் நிறைக்காரி பேச வேண்டிய நேரம்.

பேசினால் நிறை போய்விடும். பேசாவிட்டால் இருபது பேருக்கும் வேலை போய்விடும். தெரசாள் மடியிலிருந்த பருத்தியை அவிழ்த்துக் கீழே வைத்தாள்.

"மாடு இல்ல மொதலாளி."

"என்னது?"

"மாடும் இல்ல, அடைப்பானும் இல்ல. எனக்குத்தான் வாங்குனேன். மாசி பொறந்ததுலருந்து போகுது, நிக்கல. கடைல சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மாட்டுக்குன்னு சொன்னேன். ஒங்க மாட்டுக்கு ஒரு சீக்கும் வராது."

வீரபத்திரனுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி தோளிலேயே போட்டார். "அதை ஏன் எங்கிட்டச் சொல்ற?" என்றார்.

"நீங்கதான மொதலாளி கேட்டீக."

முத்துலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் பீறிட்டது. "நானும் மாட்டுக்குன்னுதான் வாங்குனேன் மொதலாளி" என்றாள். "பிள்ளைக்குப் பாலு பத்தலன்னு, தண்ணீர்விட்டான் கிழங்கு. இந்தப் புண்ணியவான் படிக் கணக்குல அளந்து குடுத்துட்டாரு. இப்ப எம் பிள்ளை குடிச்சது போக அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

"நானும்தான்" என்றாள் இன்னொருத்தி.

"நானும்."

"எம் மாட்டுக்கு மாசா மாசம் வயித்து வலி மொதலாளி, அதுக்கு ஒரு பையி!"

அழுதுகொண்டிருந்தவளும் சிரிக்கத் தொடங்கியிருந்தாள். காட்டில் பாதிப் பேர் வாங்கியிருந்தார்கள். ஒருத்தி வாங்கியது இன்னொருத்திக்குத் தெரியாது; ஒரே பஸ்ஸில் போய், ஒருத்திக்கொருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஹாஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"போதும், போதும்!" என்றார் வீரபத்திரன். சிரிப்பை நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி வேலைதான். "பேசாம எடுங்க. தெரசா, ஒனக்கு முடியலேன்னா நீ கடைசி நிறைக்குப் போ. சந்தனம்மா, முதல் நிறையை நீ பிடி."

சிரிப்பு நின்றது. தெரசாள் எதிர்பார்த்ததுதான். குனிந்து பருத்தியை மறுபடி மடியில் கட்டினாள். முடிச்சை இறுக்காமலே கடைசி நிறையைப் பார்த்துத் திரும்பினாள்.

சந்தனம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். "நான் பிடிக்கல" என்றாள்.

"ஏன், நீயும் மாட்டுக்கு வாங்குனியா?"

"வாங்குனேன். எம் மாடு சினை நிக்கலன்னு வாங்குனேன். அதுக்கும் இதுக்கும் என்ன?" சந்தனம்மாளுக்கு முதலாளியிடமும் பயம் கிடையாது, வேறு யாரிடமும் பயம் கிடையாது. "சீக்காளி கிட்டருந்து பிடுங்குன நிறைன்னு காலம் பூரா இவளுக பேசுவாளுக. எனக்கு வேணாம். இவ நல்லாயிட்டு வரட்டும். அப்பப் பிடுங்கிக்கிறேன்."

"அதான் மாசி பூரா எம் முதுகுல ஏறிக்கிட்டு வந்தியே" என்றாள் தெரசாள்.

"ஏறித்தான் வந்தேன். ஒஞ் சேலை பின்னாடி இருந்த லட்சணத்துக்கு, நான் ஒட்டி வராட்டா மொதலாளி கண்ணுலல்ல பட்டிருக்கும்."

தெரசாள் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சேலையைத் தொட்டுப் பார்த்தாள். "நீ முந்த வாரேன்னு நெனச்சேன்டி."

"அப்படியே முந்திரலாம்னும் பாத்தேன். அதையும் இல்லேங்கல."

வீரபத்திரன் சேலை என்ற சொல் காதில் விழுந்ததுமே நடக்கத் தொடங்கியிருந்தார். ஓட்டிவிட்ட மாடுகளைத் திரும்ப ஓட்டிவரச் சொல்லப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனார். வண்டிக்காரன் இருந்த திசை வேறு.

அவர் தலை மறைந்ததும் ஹாஜா எழுந்தான். எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்காமல், மாமா சொல்லியனுப்பியதைப் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தான். இடித்துத் தூளாக்கி, மூன்று விரலால் அள்ளுகிற அளவு போதும். மோரில் கலந்து, காலையில் மட்டும். "பெரும்பாட்டுக்காரவுக பங்குனி முடியுறதுக்குள்ள குணம் தெரியலேன்னா மருந்தக் கட்டிக்கிட்டு அழக் கூடாதாம். ஆசுபத்திரிக்குப் போகணுமாம். மாமா சொன்னாக." பிறகு மெதுவாகக் கேட்டான். "அக்கா, நீங்க எம்புட்டுக் குடிச்சீக?"

"ஒரு டம்ளரு."

"மீதி?"

"எங்க வீட்டுக்காரரு ரெண்டு செம்பு குடிச்சாரு."

ஹாஜா தலையில் கை வைத்துக்கொண்டான். "இப்ப எப்படி இருக்காரு?"

"ஒக்காந்திருக்காரு" என்றாள் தெரசாள். "காலைலருந்து ஒக்காந்துதான் இருக்காரு."

காடு அதிர்ந்தது. அந்தச் சிரிப்பிலேயே தெரசாளின் மடி முடிச்சு அவிழ்ந்து பருத்தி கொட்டியது. சந்தனம்மாள் அள்ளிக் கட்டிவிட்டாள்.

அன்றைக்கு முதல் நிறையில் தெரசாள்தான் போனாள். மெதுவாகத்தான் போனாள். தலை சுற்றினால் நின்றாள். அவள் நின்றால் எல்லாரும் நின்றார்கள். வீரபத்திரன் சாயங்காலம் வந்து, குறைந்திருந்த பருத்திக் குவியலைப் பார்த்தார். வாயைத் திறந்தார். முத்துலட்சுமி, "என்ன மொதலாளி, எதும் கேக்கணுமா?" என்றாள். வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த எடுப்பு முடிகிற வரை வேகத்தைப் பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்கிற பயம்.

மரியராஜுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துச் சரியாக்கினாள். எதற்கான மருந்து என்பதைச் சொன்னபோது அவன் எழுந்துபோய்ப் பெட்டியில் இருந்த நல்ல வேட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளி வைத்தான். "இதையும் எலிக்கு வச்சுக்க" என்றான்.

மூன்று விரல் அளவு மருந்து, மோர், முடிந்தபோது ஒரு வாய் முருங்கைக் கீரை. பங்குனி நடுவில் குறைந்தது. பங்குனி கடைசியில் நின்றது. மறுபடி வரலாம், வராமலும் போகலாம் என்றார் சின்ன மீரான். இந்தத் தடவை தெரசாள் நேராகவே போய், எனக்கு என்று சொல்லிக் கேட்டாள். அவர்தான் முகம் சிவந்து ஹாஜாவைக் கூப்பிட்டார்.

சித்திரையில் கடைசி எடுப்பு. செடியில் பருத்தி குறைவு, வெயில் அதிகம். தெரசாள் பாதி நிறை போயிருப்பாள். முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது.

"என்னடி?"

"நல்லாயிட்டியா மதினி?"

"நல்லாயிட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா."

"அப்பச் சரி" என்று சந்தனம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்துச் செடிக்குப் பாய்ந்தாள். தெரசாளும் விடவில்லை. பின்னால் பதினெட்டுப் பெண்கள் இரண்டு பேர் பெயரையும் மாறி மாறிச் சொல்லிக் கத்த, இரண்டு பேரும் குனிந்த முதுகு நிமிராமல், ஒருத்தியை ஒருத்தி வைதுகொண்டே வரப்பைப் பார்த்துப் பறந்தார்கள்.